காலிக் கட்டத்தில் மூன்று

அலுவலகத்தில் எனக்கு ஜோசியக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. கேன்டீனில் நான் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று நிற்கும், அதில் புரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் பார்ப்பதும் கட்டம்தான். கிரகம் இருக்கிற இடத்தில் எண்கள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்கள் செய்கிறது. சிரிஞ்சு, ட்ரிப் குழாய், மருந்து அளக்கும் மூடி, இந்த மாதிரி. அடுத்து எதில் இறங்கலாம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால் வேலை என் மேஜைக்கு வரும். அந்தப் பொருளில் உலகம் முழுக்க யார் யார் எதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்று தேடி எடுப்பேன். மூவாயிரம், நாலாயிரம் தேறும். ஒவ்வொன்றையும் படித்து இரண்டே கேள்வி கேட்பேன். எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள், எந்த வழியில் தீர்க்கிறார்கள். தொல்லைகளை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் வழிகளை மேலே வரிசையாகவும் எழுதினால், இரண்டும் சந்திக்கிற ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை காப்புரிமை என்று ஓர் எண் விழும். நாற்பது, அறுபது என்று இருக்கிற கட்டத்துக்குள் தலையை விட்டால் வக்கீல் நோட்டீஸ்தான் மிச்சம். மேலாளருக்கு வேண்டியது பூஜ்யம் விழுந்த கட்டம். "காலிக் கட்டம்தான்மா நமக்குச் சோறு" என்பார்.

ஆனால் காலி என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட முடியாது. யாருக்கும் தோன்றாததால் காலியாக இருக்கலாம். நாலு பேர் முட்டி மோதிப் பார்த்து, ஆகாத காரியம் என்று விட்டதால் காலியாக இருக்கலாம். போன மாதம் எவனோ விண்ணப்பம் போட்டிருந்தால் அது வெளியே தெரியவே ஒன்றரை வருஷம் ஆகும். இத்தனையையும் தோண்டித் துருவிப் பார்க்காமல் நான் ஒரு கட்டத்தையும் காலி என்று சொன்னதில்லை. என் பெயர் போட்டுப் போன கட்டங்களில் ஒன்றுகூடப் பதினாறு வருஷத்தில் தப்பாகப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் தம்பியின் தலையில் விழுந்தது.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். பாட்டில் மூடி வார்க்கிற ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தான். ஒரு வார்ப்பு மெஷின், ஒரு கடைசல் மெஷின், ஒரு மேஜை விசிறி. அவன் வாயைத் திறந்து ஒன்று கேட்க வைப்பதற்குள் நமக்கு ஆயுசு போய்விடும். சின்ன வயதில் பசித்தால்கூட அடுப்படி வாசலில் வந்து நிற்பானே தவிர, சோறு போடு என்று சொல்லமாட்டான்.

எங்கள் அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். நாள் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். அவருக்குக் கை நடுக்கமும் உண்டு. அடுத்தவர் கையால் மருந்து போட்டுக்கொள்ள ரோஷம் விடாது. தானே விட்டுக்கொண்டு, பாதி மருந்தைக் கன்னத்தில் வழியவிட்டு, போட்டாச்சு என்று சொல்லிவிடுவார். நாங்களும் நம்பினோம். கடைசி இரண்டு வருஷம் அவருக்குப் பார்வையே இல்லை.

அப்பா போன பிறகு தம்பி ஒரு சாமானில் மூழ்கினான். நாலு வருஷம். ஒரு நாள் என்னைப் பட்டறைக்கு வரச் சொல்லிக் காட்டினான். கன்னத்தெலும்பில் உட்கார்கிற ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் இரண்டு வளையம், நடுவில் மருந்துக் குப்பி. வளையத்தின் அடியில் ஒரு குண்டுமணி அளவு ஈயம்.

"கையை நல்லா ஆட்டுக்கா" என்றான்.

ஆட்டினேன். கிண்ணம் ஆடியது, வளையம் ஆடியது, குப்பியின் மூக்கு மட்டும் நேராகக் கண்ணைப் பார்த்து நின்றது. ஒரே ஒரு சொட்டு. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. எனக்கு அப்பாவின் கன்னம் ஞாபகம் வந்தது. அதை மறைக்க வேண்டும் என்று உடனே அதட்டினேன்.

"முதல்ல இதுக்கு பேட்டன்ட் போடு. மத்ததெல்லாம் அப்புறம்."

"இன்னும் கொஞ்சம் சோதிக்கணும்க்கா. இருபதுல ஒண்ணு கண்ணுக்கு வெளிய விழுது."

"விழுந்தா விழட்டும். நாளைக்கே போடு."

சிரித்தான். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேலாளர் என் அறைக்கு வந்து, கண் மருந்துக்குக் கட்டம் போடச் சொன்னார். தம்பி அதுவரை விண்ணப்பம் போட்டிருக்கவில்லை. ஐந்து வாரம் வேலை. கடைசியில் இடப்பக்கம் "கை நடுக்கம்" என்கிற வரியும், மேலே "எடையால் தானே நிமிர்வது" என்கிற பத்தியும் சந்திக்கும் இடத்தில் பூஜ்யம் வந்தது. சுற்றிலும் இருபத்தாறு, பதினெட்டு, முப்பத்தொன்று. நடுவில் இது மட்டும் காலி. வார்த்தைகளை மாற்றித் தேடினேன், வேறு மொழிகளில் தேடினேன், செத்துப்போன காப்புரிமைகளைக் கிளறினேன். ஒன்றும் இல்லை. உலகத்தில் யாருக்கும் தோன்றாதது என் தம்பிக்குத் தோன்றியிருந்தது.

அந்தப் பூஜ்யத்தை அப்படியே கொடுத்திருந்தால் எங்கள் கம்பெனி இன்ஜினியர்கள் பதினைந்து நாளில் அந்த வளையத்தைப் போட்டிருப்பார்கள், இருபதாவது நாள் விண்ணப்பம் போயிருக்கும். என் தம்பி செய்கிறான், விட்டுவிடுங்கள் என்று மேலாளரிடம் சொல்லலாம் என்றால், அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு நானே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும். தம்பியிடம் சொல்லலாம் என்றால், அலுவலக விஷயத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கட்டத்துக்குள் மூன்று காப்புரிமைகளின் எண்களைப் போட்டேன், பூஜ்யம் மூன்றாக மாறியது.

மூன்றும் உண்மையான காப்புரிமைகள்தான். ஒன்று குழந்தைக்குச் சோறூட்டும் சிந்தாத கரண்டி. ஒன்று படகில் மாட்டும் விளக்கு. இன்னொன்று ஏணியில் தொங்கவிடும் பெயின்ட் டப்பா. மூன்றும் எடையால் நிமிர்ந்து நிற்பவை. கண்ணுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. யாராவது திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் மேலாளர் எண்ணைத்தான் பார்ப்பார், உள்ளே போகமாட்டார். நான் போட்டால் சரியாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நான் நினைத்தபடியே அவர் விரல் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய் வேறொரு பூஜ்யத்தில் நின்றது.

அன்று சாயந்திரமே தம்பிக்கு போன் செய்தேன்.

"டேய், எப்படா போடப்போறே?"

"ஏன்க்கா இவ்வளவு அவசரம்?"

"காரணம் கேக்காதே. சீக்கிரம் போடு."

"சரிக்கா. அதுக்கும் செலவு இருக்குல்ல. ஒரு வழி பாக்குறேன்."

என்ன வழி என்று நான் கேட்கவில்லை. என் பிழைப்பே கேள்வி கேட்பது. அன்று அதைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மேலாளர் முகமெல்லாம் பல்லாக வந்தார். சின்னத் தொழில்களுக்குப் பணம் கொடுத்துக் கைதூக்கிவிடும் நிதிக்குழு ஒன்று இருக்கிறது. எந்தப் புது யோசனைக்குக் கொடுக்கலாம், எது ஏற்கெனவே செய்த பழைய கதை என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு கட்டம் வேண்டுமாம். கண் மருந்துக் கட்டத்தை, நாங்கள் எடுத்துக்கொண்ட பூஜ்யத்தை மட்டும் மறைத்துவிட்டு, நல்லெண்ணத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "தயாரித்தவர்ங்கிற இடத்துல உன் பேரையே போட்டுடறேன்மா. பேர் வரட்டும்" என்றார். எனக்கு அந்த மூன்று ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. திருத்த வேண்டுமானால் மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டும். சோறு கேட்கவே வாயைத் திறக்காதவன் நிதிக்குழுவிடமா போய் நிற்கப்போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சரி சார் என்றேன்.

அவன் போய் நின்றிருக்கிறான். நான் அவசரப்படுத்தியதால்தான் போயிருக்கிறான். இது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, என்னடா ஆச்சு என்று கேட்டேன். "அது வேண்டாம்க்கா. விட்டுட்டேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம். வேலைக்கு உலை வைத்துக்கொள்கிற காரியத்தை இவனுக்காகச் செய்திருக்கிறேன், இவன் விட்டுவிட்டேன் என்கிறான். சோம்பேறி என்றேன். உன்னை மாதிரி ஒரு மடையனை நான் பார்த்ததில்லை, அப்பா இருந்தால் தலையில் அடித்துக்கொள்வார் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அவன் போனை வைக்காமல் கடைசிவரை கேட்டான். "சரிக்கா, உடம்பைப் பாத்துக்கோ" என்றான். அதன் பிறகு நான் ஒரு வருஷத்துக்கு மேல் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. நல்ல நாள் பொல்லாத நாளில் அவன்தான் போன் செய்வான். நான் வேண்டுமென்றே இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

இந்த வருஷம் கண் மருந்துக் கட்டத்தைப் புதுப்பிக்கிற வேலை வந்தது. காப்புரிமை மட்டும் போதாது, பத்திரிகையில் வந்தது, வீடியோவில் காட்டியது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். யார் காட்டியிருந்தாலும் அது பழசுதான், அதன் பிறகு யாரும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. காட்டியவனே நினைத்தாலும் முடியாது என்பது நம் நாட்டுச் சட்டம். "கை நடுக்கம், சொட்டு மருந்து" என்று போட்டுத் தேடியபோது ஒரு வீடியோ வந்தது. இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. இடது கட்டைவிரலில் நகம் பாதி. அந்த நகம் எந்த மெஷினில் போனது என்று எனக்குத் தெரியும்.

கிண்ணம், வளையம், ஈயத்தின் எடை, துளையின் அளவு. ஒன்று விடாமல் காட்டியிருந்தான். பதினோரு மாதத்துக்கு முன்னால் போட்டது. பாவி, இப்படி ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது வீடியோவின் கடைசியில் அவன் குரல் கேட்டது.

"இதை நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லமாட்டேன். எனக்கு முன்னாடியே மூணு பேர் செஞ்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நானும் செஞ்சு பாத்தேன். வீட்ல கை நடுங்குற பெரியவங்க யாராவது இருந்தா செஞ்சு கொடுங்க."

மூணு பேர். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் மூணு பேர்தான். பக்கத்து மேஜைப் பெண், என்ன ஆச்சு, முகம் இப்படி வெளுத்திருக்கு என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். கீழே பட்டறை இருந்த இடத்தில் கூரியர் கடை. மாடியில் தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள். அவன் மெஷின்களை விற்றுவிட்டு ஒரு பெரிய தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறானாம். அவன் குளித்துவிட்டு வந்தான். தாடையில் எலும்பு தெரிந்தது. அவள் காபி போட உள்ளே போனாள்.

"வீடியோ பாத்தேன்டா" என்றேன்.

"பாத்தியா? குரல் சரியா வரலைல்ல?"

"மூணு பேர்னு சொல்றியே. யார் சொன்னது?"

நிதிக்குழுவுக்குப் போனதைச் சொன்னான். அங்கே இருந்தவர்களுக்குச் சாமான் பிடித்திருந்ததாம். ஒரு அம்மா தன் கையிலேயே போட்டுப் பார்த்தாராம். பிறகு ஒரு தாளை எடுத்துப் பார்த்து, இந்த இடத்தில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், இது புதுசு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"அந்த மூணு நம்பரையும் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"திறந்து பாத்தியா?"

"இல்ல."

"ஏன்டா பாக்கல?"

"கீழ உன் பேர் இருந்துச்சு. நீ போட்டதை நான் எதுக்குக்கா சரிபாக்கணும்?"

ஒரு கரண்டி, ஒரு விளக்கு, ஒரு பெயின்ட் டப்பா. திறந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா உனக்குத்தான் சங்கடம். தம்பிக்காகக் கட்டத்தை மாத்தச் சொல்ற மாதிரி ஆயிடும். உன் வேலையில நீ எப்படின்னு எனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு அவசரப்படுத்தினியா, யாரோ முந்திக்கிட்டாங்க, அதை அக்கா வெளிய சொல்ல முடியாமத் தவிக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன்."

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மூன்றும் பொய், நான்தான் போட்டேன், கம்பெனி உன்னுடையதை எடுத்துக்கொள்ளக் கூடாதென்று போட்டேன் என்று சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அது காலியாத்தான் இருந்துச்சா?" என்றான்.

"ஆமா."

"நல்லாத் தேடினியா?"

"தேடினேன்டா."

"வெளிநாட்டுல?"

"எங்கயும் இல்ல. யாருமே போடல."

நிமிர்ந்தான். அவன் முகத்தில் நான் அந்த நேரத்தில் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

"அப்ப முதல்ல யோசிச்சது நான்தானா?"

தலையை ஆட்டினேன். அவன் எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பி, "இங்க வா, அக்கா என்ன சொல்றா கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் டம்ளர்களோடு வந்தாள். "வேற யாரும் செய்யலையாம். நான்தான் முதல்லயாம்" என்றான். அவள் காபியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் அங்க மூணு பேர் இருக்காங்கன்னு சொன்னாங்க?"

அவன் சந்தோஷம் அந்தக் கேள்வியில் வடிந்ததை நான் பார்த்தேன். போனது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. பட்டறை போனது, நாலு வருஷம் போனது, இனி எந்தக் காலத்திலும் அதன்மேல் அவன் பெயர் வராது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"ஆபீஸ்ல யாரோ தப்பா ஏத்திட்டாங்களாம். அக்கா இப்பதான் கண்டுபிடிச்சிருக்கா."

"ஐயோ. இப்பவாவது உங்க கண்ணுல பட்டுச்சே அண்ணி" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இனிமே பதிவு பண்ணலாம்ல?"

"வீடியோ போட்டாச்சு. இனிமே முடியாது" என்றான் அவன். "விடு. காபி ஆறுது."

என்னை பஸ் ஏற்றிவிட எப்போதும்போல் அவனும் வந்தான். நிறுத்தத்தில் நின்ற பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, நான் விட்டுட்டேன்னு சொன்னப்ப என்னை அவ்வளவு திட்டினியே. அந்தக் கட்டம் நிதிக்குழுகிட்ட போயிருக்குன்னு அப்ப உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். "பஸ் வருது பாரு" என்றான். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் பாதித் தெரு போயிருந்தான்.

மறுநாள் மேலாளரிடம் அந்த மூன்றைப் பற்றிச் சொன்னேன். என்னைத் தேடல் வேலையிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார். இதையும் நான் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் இப்போது போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுக்கிறான், நல்லா இருக்கேன் என்கிறான், ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறான். அவன் மனைவிதான் வாரம் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறாள். நடந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வாங்க என்கிறாள், அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனா உங்க மேல அவருக்கு உசுரு அண்ணி என்கிறாள். தெரியும்மா என்கிறேன்.